நடுப்பிறந்தாள் புதுக் காலணி கொண்ட காதை

வாழி நடுப்பிறந்தாள்! மூத்தவளுக்கு அதிகாரத்தையும் கடைக்குட்டிக்குச் செல்லத்தையும் அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டு, இவள் முறை வந்ததும் வெறுங்கையை விரித்துக் காட்டிய விதியின் முன்னே பன்னிரண்டாண்டு கலங்காது நின்ற தீரச்செல்வி, அக்காளின் சட்டையும் அக்காளின் பையும் அக்காள் கடித்த பென்சிலும் தாங்கிய தனிப்பெருந்தோளினள், பழையன புனைந்த பாவை வாழி! வாழி!

பிறந்த வரிசை பிள்ளையின் குணத்தை வகுக்குமோ, வகுக்காதோ என்று கற்றோர் அவைகளில் தொண்டை வற்ற வாதிடுகிறார்கள். அந்தப் பெருமக்களை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் செருப்புக்கடை பெஞ்சில் அரைமணி நேரம் உட்காரவைத்தால் போதும், பேசாமல் வீட்டுக்குப் போய்ச் சேருவார்கள்.

போர் மூண்ட வரலாறு கேண்மின்! மூத்தவள் கழற்றிய கறுப்புப் பள்ளி ஷூ, முனையில் காகித உருண்டை திணிக்கப்பெற்று நடுப்பிறந்தாளின் தாளடைவதும், அங்கே தேய்ந்து கிழிந்து முக்தி எய்துவதும், வேறு வழியின்றிக் கடைக்குட்டித் தம்பிக்குப் புதியது வாங்கப்படுவதும் அக்குடியின் தொல்மரபு. இவ்வாண்டோ, கேட்பாரும் பார்ப்பாருமின்றி வளர்ந்த நடுப்பிறந்தாளின் பாதம், அக்காளின் பாதத்தையே சத்தமில்லாமல் தாண்டிவிட்டிருந்தது. மரபுவழி வந்த ஷூவினுள் குதிகால் புக மறுத்த அக்காலைப்பொழுதில், அம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, சரி, இவளுக்குப் புதுசுதான் வாங்கணும் என்றாள். பன்னிரண்டாண்டில் முதன்முறை! அன்றிரவு நாயகிக்குச் சோறு இறங்கவில்லை.

புறப்பட்டது படை. கடைக்குள் காலடி வைத்ததுமே மூத்தவள், எந்த அடுக்கிலிருந்து எந்தப் பெட்டியை இறக்க வேண்டும் என்று கடைக்காரருக்கே ஆணை பிறப்பித்தாள். தனக்குப் புது ஷூ வாங்கி மூன்று மாதம்கூட நிறையாத கடைக்குட்டியோ, மிதித்தால் விளக்கெரியும் ஷூ ஒன்றைக் கண்டு, கண்ணீர் பெருக்கித் தரைமீது புரண்டு, வாடிக்கையாளர் மூவரை வாசலுக்கு விரட்டினான். யாருக்காகத் திரண்டதோ இப்படை, அந்த நடுப்பிறந்தாள் பெஞ்சின் ஓரத்தில், இன்னும் இரண்டு பேர் வந்தாலும் இடம் இருக்கட்டுமே என்று ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

என்ன அளவு என்று கடைக்காரர் கேட்டார். அந்தக் காலை இதுவரை யாரும் அளந்ததில்லை. தம்பியைத் தரையிலிருந்து பெயர்த்துக்கொண்டிருந்த அம்மா, திரும்பிப் பாராமலே மூத்தவளின் அளவைச் சொன்னாள். வந்தது பெட்டி. மெல்லிய தாள் விலக்கித் தோன்றிற்று, எவர் வியர்வையும் படியாத, எவர் விரலும் பள்ளம் பறிக்காத, கன்னங்கரிய கட்டழகுக் காலணி! நுழைத்தாள் நாயகி. பெருவிரல் தலைவணங்கியது. சிறுவிரல், கூட்ட பஸ்ஸில் கடைசியாக ஏறியவரைப்போல் பக்கத்து விரலின் மேல் ஏறி நின்றது. குதிகால் நெரிந்தது, நெற்றி வியர்த்தது, ஆயினும் புகுந்தது கால்!

கடைக்காரர் ஷூ முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "விரல் இடிக்குதா பாப்பா? ஒரு சைஸ் பெரிசு இப்ப இல்ல. பத்து நாள்ல வந்துடும்."

பத்து நாள்! அந்த வீட்டில் பத்து நாளைக் கடந்து கரைசேர்ந்த வாக்குறுதி எதுவுமில்லை. அதற்குள் மூத்தவளின் கண்ணாடி உடையும், கடைக்குட்டிக்குக் காய்ச்சல் வரும், நாயகியின் கால் எல்லோருக்கும் மறந்துபோகும். அதுவன்றியும், தொளதொளத்த ஷூவிலேயே நடந்து பழகியவளுக்கு, பொருந்திய ஷூ எப்படி இருக்கும் என்பதே தெரியாது. எழுந்து நின்றாள். கடை முழுதும் கேட்க முழங்கினாள்.

"சரியா இருக்கு."

திங்கட்கிழமை புத்தோல் கிறீச்சிட நாலு தெருவும் அதிர நடந்துபோனவள், சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தாள். சாக்ஸைக் கழற்றிய அம்மா திடுக்கிட்டுப்போனாள். இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்திருந்தது.

"ஏண்டி, கடையிலயே சொல்றதுக்கென்ன?"

"சரியான ஷூன்னா இப்படித்தான் பிடிக்கும்னு நினைச்சேன்மா."

அம்மா மருந்து தடவியபடியே, அந்தப் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து முதன்முறையாக அளந்து பார்த்தாள். அடுத்த மாதம் உன்னை மட்டும் தனியாகக் கூட்டிப்போகிறேன் என்றும் சொன்னாள். ஆ! வடுப்பட்ட தாளினள், வலி விழுங்கிய வாயினள், புண்ணையும் புன்னகையால் மறைத்த பெருந்தகையாளின் புகழ் பொலிக! அவள் அரும்பாடுபட்டு வென்றெடுத்த அந்தக் கருங்காலணி வையம் உள்ளளவும் விளங்குக!

போட்ட ஷூவைக் கடையில் திரும்ப எடுக்கமாட்டார்கள் என்பதால், மறுநாளிலிருந்து அதை அக்கா போட்டுக்கொண்டு போனாள்.