மண் ஒத்துழைக்கவில்லை

மனித குலத்தின் மாபெரும் சாதனைகளில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடம் எங்கள் கம்பெனியின் 'மக்கும் பை'க்குத்தான். 'மண்ணில் போட்டால் தொண்ணூறே நாளில் மறையும்' என்று அதன்மேல் அச்சான வாசகத்தை எழுதியவன் அடியேன்.

அலுவலக வாசலிலிருந்த பூந்தோட்டத்தில் மேனேஜர் ஒரு பையை மாலை மரியாதையுடன் புதைத்தார். தொண்ணூறாம் நாள் தர அதிகாரி வரும்போது வெறும் மண்ணைத் தோண்டிக் காட்டுவதாக ஏற்பாடு. ஒரு வாரம் முன்னதாக ஒத்திகை பார்த்தோம். பை முழுசாக வந்தது. தோட்டக்காரர் அதை உதறி, காய்ந்த இலைகளை அள்ளிப் போட்டுக்கொண்டார்.

"நல்ல கெட்டிப் பை சார். இது மக்கல, நாமதான் மக்கு போல."

மேனேஜர் ஆய்வுக்கூடத்து மேடத்தை அழைத்தார். "சோதனையில மக்குச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"லேப் ஓவன்ல ஐம்பத்தெட்டு டிகிரி வெச்சேன் சார், மக்குச்சு. இந்த மண்ணு இருபத்திரண்டுதான். இதுல கிருமிங்க வேலை செஞ்சு முடிக்க வருஷக்கணக்காகும்."

"அப்போ தப்பு பை மேல இல்ல."

"வேற யார் மேல?"

"மண்ணு மேல."

'மண்ணின் ஒத்துழைப்பின்மை' குறித்து அவசரக் கூட்டம் நடந்தது. மண்ணை 'ஊக்குவிப்பது' என ஏகமனதாகத் தீர்மானித்தோம். அதிகாரியின் வருகையை மூன்று மாதம் தள்ளிவைத்தோம். பையை மறுபடி புதைத்து, சுற்றிலும் சூடேற்றும் கம்பிகளைப் பதித்து, மேலே கம்பளி போர்த்தினோம். காய்ச்சல் பார்ப்பதுபோல் மணிக்கொரு தரம் மண்ணுக்கு வெப்பமானி வைத்தேன்.

பை மறைந்தது. கூடவே ரோஜாச் செடிகள், புல், மண்புழுக்கள் எல்லாமே.

"பதினோரு வருஷமா வளர்த்த செடிங்க சார்," என்றார் தோட்டக்காரர்.

"செடியும் சேர்ந்து மக்கியிருக்கு பாருங்க. என்ன ஒரு மண்ணு," என்று மேனேஜர் அவர் தோளைத் தட்டினார்.

அதிகாரி வெறும் மண்ணைப் பார்த்துப் பரவசப்பட்டார். சான்றிதழில் மேடத்தின் கையெழுத்துதான் பாக்கி.

மேடம் பேனாவை மூடினார். "பூமி பூரா ஐம்பத்தெட்டு டிகிரி இருந்தா இது உண்மை சார். ஆனா அப்போ பை வாங்க ஆள் இருக்காது."

அன்றே வேலையை விட்டுப் போனார். நிறுவன நலன் கருதி அவருடைய இடத்தில் நான் கையெழுத்திட்டேன். பையின் அடியில் 'போதிய வெப்பம் தேவை' என்ற வரியையும், எறும்பு கண்ணாடி போட்டால் படிக்கும்படி, சேர்த்துவிட்டேன்.

இப்போது பை மக்கவில்லை என்று புகார் எழுதுவோருக்கெல்லாம் பணிவுடன் ஒரே பதிலை அனுப்புகிறேன்: 'எங்கள் பையில் குறையில்லை. பூமிதான் இன்னும் போதிய அளவு சூடாகவில்லை. அதற்கான வேலையை எங்கள் ஆலையின் புகைபோக்கி ஓய்வின்றிச் செய்துவருகிறது. தயவுசெய்து காத்திருக்கவும்.'