சக்கரக்கால் ராவுத்தர் வண்டியில் ஒரு வேளைச் சாப்பாடு

சிராங்கூன் ரோட்டில் குதிரை வண்டி ஓட்டிய சக்கரக்கால் ராவுத்தரைப் போல ஓர் அவசரக்காரரை ஆண்டவன் அதற்கு முன்னும் படைத்ததில்லை, பின்னும் படைக்கப் போவதில்லை. படைத்துக்கொண்டிருக்கும்போதே, "போதும், மிச்சத்தை நான் போற வழியில பாத்துக்கறேன்" என்று பாதியில் எழுந்து வந்தவர் அவர் என்பது என் மனைவி பாக்கியத்தின் கட்சி. தொழுகைக்கு நிற்கும் நேரம் போக, மற்ற வேளையில் அவர் ஓரிடத்தில் நின்று பார்த்தவர் தேக்கா வட்டாரத்தில் கிடையாது. தேநீரை நடந்துகொண்டே குடிப்பார். சவரத்துக்கு உட்கார்ந்தால் அரை முகத்தோடு எழுந்து போய்விடுவார் என்று, நாவிதர் கத்தியை எடுப்பதற்கு முன்னால் இரண்டு பேர் அவர் தோளைப் பிடித்துக்கொள்வார்களாம். இதை எனக்குச் சொன்னவர் தோளைப் பிடித்தவர்களில் ஒருவர், ஆகையால் நம்பலாம்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் மனிதர் நின்றால்தானே நமக்குத் தெரியும்.

சிங்கப்பூரில் டிராம் வண்டி புதிதாக ஓடத் தொடங்கியிருந்த காலம். நான் மலாக்கா பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக இருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்துத் துரைக்கு அன்றைக்கு என்ன நல்ல புத்தி வந்ததோ, மூன்று நாள் லீவு கொடுத்தார். பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் பார்த்து வருவதென்று முடிவு செய்தேன்.

"அங்க உனக்கு என்ன பாக்கணும், சொல்லு" என்று கேட்டேன்.

அவள் முன்பே யோசித்து வைத்திருந்தாள். "நாம ரெண்டு பேரும் சேந்து உக்காந்து, வேற யாராச்சும் பரிமாற, சூடா ஒரு வேளை சாப்பிடணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

இதைக் கேட்டு இன்றைய வாசகர்கள் சிரிக்கலாம். அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் ஆண்பிள்ளை முதலில் உட்காருவான், பெண்பிள்ளை நின்று பரிமாறுவாள், அவன் கை கழுவிய பிறகு ஆறிப் போனதை அவள் அடுப்போரமாக உட்கார்ந்து சாப்பிடுவாள். தோட்டத்து வீட்டில் நாங்கள் இரண்டே பேர், கேட்க ஆளில்லை. இருந்தாலும் அப்படித்தான் நடந்தது. ஒரு நாள் நானே, "நீயும் உக்காரேன்" என்றேன். உட்கார்ந்தாள். உப்புக்கு எழுந்தாள், தண்ணீருக்கு எழுந்தாள், மோருக்கு எழுந்தாள், அதற்குள் எனக்குச் சாப்பாடு முடிந்துவிட்டது.

"ப்பூ, இவ்வளவுதானா" என்று வாக்குக் கொடுத்தேன்.

மலாக்காக் கப்பலிலிருந்து துறைமுகத்தில் இறங்கியதும்தான் ராவுத்தர் எங்களைப் பிடித்தார். நான் டிரங்குப் பெட்டியைக் கீழே வைக்கக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பெட்டி வண்டியின் கூரை மேல் இருந்தது. பாக்கியம் வண்டிக்குள் இருந்தாள். வண்டி போய்க்கொண்டிருந்தது. நான் மட்டும் ரோட்டில் இருந்தேன்.

"ஓடி வாங்க கிராணி" என்று மேலேயிருந்து ஒரு வெள்ளைத் தாடி கூவியது. "நின்னா குதிரைக்குக் கால் மரத்துப் போயிரும்லா."

அந்தக் குதிரை மீது வீண் பழி. சுல்தான் என்று பெயர் வைத்த அந்த மட்டக்குதிரை நிற்பதற்கென்றே பிறந்தது. தண்ணீர்த் தொட்டியைக் கண்டால் நிற்கும், புல்லுக்கட்டைக் கண்டால் நிற்கும், மாட்டுக்கொட்டகை வாசலில் தெரிந்த மாடு இருந்தால் நின்று விசாரித்துவிட்டுத்தான் போகும். ராவுத்தருக்கும் அதற்கும் நடுவில் எப்படிக் குடித்தனம் நடந்தது என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

முதல் நாள் ஊர் பார்த்தோம். பார்த்தோம் என்றால், வண்டியின் மரப்பட்டைச் சன்னல் வழியாக ஊர் எங்களைத் தாண்டி ஓடியது. பூந்தோட்டத்தில் பாக்கியம் ஒரு பூவின் பெயரைக் கேட்பதற்குள், "பூ எல்லாம் ஒண்ணுதான், கலர்தான் வேற, ஏறுங்க" என்றார். காட்சிசாலையில் கூரையிலிருந்து ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். நாங்கள் அண்ணாந்து வாயைப் பிளந்து நிற்கும்போது, சவுக்கும் கையுமாக உள்ளேயே வந்துவிட்டார். "இது செத்துப் போச்சு. அதோ அந்தப் புலி, அதுவும் செத்துப் போச்சு. இந்த வீட்டுல இருக்கறது பூரா செத்ததுதான் தங்கச்சி. உசுரோட இருக்கறதப் பாக்க வாங்க."

சிராங்கூன் ரோட்டுக் காளி கோயிலில் நாங்கள் சாமி கும்பிட்டபோது, ராவுத்தர் நிற்க முடியாமல் அந்தத் தெருவையே வண்டியோடு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் வாசலில் ஒரு குரல் கேட்கும். "சாமி எங்கயும் போயிடாது கிராணி. நான் போயிருவேன்."

கோயிலை விட்டு வந்ததும் நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "ராவுத்தரே, இனிமே எந்த இடமும் வேண்டாம். நாங்க உக்காந்து சாப்பிடணும்."

"மக்கானா, சாப்பாடுதானே? அதுக்கென்ன" என்று பக்கத்திலிருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் இறக்கிவிட்டார்.

உள்ளே நீளப் பந்தி. இலைக்கு முன்னால் எல்லாரும் ஆண்கள். பாக்கியம் வாசலில் கால் வைத்ததும் அத்தனை வாயும் மெல்லுவதை நிறுத்திவிட்டது. கடைக்காரர் மரியாதையானவர். பதறிப்போய் ஓடி வந்து, "அம்மா உள்ள வாங்க, சமையக்கட்டுல நம்ம வீட்டம்மா இருக்காங்க, அங்க உக்காந்து சாப்பிடலாம்" என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டு என்னைப் பந்தியில் உட்காரவைத்தார். பெண்பிள்ளைக்கு அந்தக் கடையில் செய்யக்கூடிய உச்சபட்ச கௌரவம் அது. நான் என்ன சொல்வது?

சோறு வந்தது, குழம்பு வந்தது. ரசம் ஊற்றுகிறவன் அந்தக் கோடியில் யாரோடோ அரட்டை. நான் குழி பறித்த சோற்றோடு காத்திருந்தேன். அப்போது ஒரு கரண்டி வந்து ரசம் ஊற்றியது. கரண்டியைப் பிடித்த கையில் நான் போட்ட வளையல் இருந்தது.

"என்ன பாக்கியம் இது?"

"ரசம் இல்லாம உக்காந்திருந்தீங்க. கதவிடுக்குல பாத்தேன், மனசு கேக்கல" என்றாள். சொன்ன பிறகுதான் தான் செய்த காரியம் அவளுக்கே உறைத்தது. அவளை யாரும் ஏவவில்லை. அவள் இலை உள்ளே அப்போதுதான் போட்டிருந்தார்களாம். அதை விட்டுவிட்டு ரசச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அதற்குள் பக்கத்து இலைக்காரர், "அம்மா, இங்கயும் கொஞ்சம்" என்றார். அவருக்குப் பக்கத்து இலையும் கேட்டது. பந்தி முழுவதற்கும் ஊற்றி முடித்துத்தான் வந்தாள். வண்டியில் ஏறிய பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "கடல் தாண்டி வந்தும் நான் பரிமாறத்தான் செஞ்சேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது.

மேலே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு இதெல்லாம் கேட்டிருக்கிறது. மறுநாள் காலையில் நாங்கள் கேட்காமலேயே, "தங்கச்சிக்கு உக்காந்து சாப்பிட எடம் வேணும், அம்புட்டுதானே. இந்த ஊர்ல இல்லாத எடமா?" என்று ராவுத்தர் கிளம்பிவிட்டார்.

கடற்கரை ஓரமாகச் சாத்தே சுடுகிறவரிடம் கொண்டு போனார். ரோட்டோரத்தில் குட்டை முக்காலியில் குந்தி, கறிக்குச்சியைக் குழம்பில் தோய்த்துத் தின்ன வேண்டும். வாசனை என்னவோ தூக்கியது. போகிற வருகிற சனம் பார்க்க எப்படிக் குந்துவது என்று பாக்கியம் இறங்கவே மாட்டேன் என்றாள். பிறகு சீனர் கடைவீதிக்குப் போனோம். அங்கே கூடை நிறைய ஏதோ உயிரோடு நெளிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில் ராவுத்தருக்கு ரோஷம் வந்து, வெள்ளைக்காரர்கள் தங்கும் பெரிய ஹோட்டல் ஒன்றின் வாசலுக்குள் வண்டியை விட்டார். வாயிற்காவலர் கையைக் காட்டி நிறுத்துவதற்குள் தோட்டத்தைச் சுற்றி மறு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டோம்.

"உள்ள போயிட்டு வந்தோம்னு ஊர்ல சொல்லிக்கலாம்" என்றார்.

"சோறு?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் ஓடிக்கிட்டிருக்கோம்லா."

அன்று இரவும் விடுதி அறையில் வாழைப்பழந்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் எங்களுக்குக் கப்பல். மத்தியானம் வரை அலைந்தும் ஒரு வழியும் பிறக்கவில்லை. பாக்கியம், "போதுங்க, விடுங்க. வீட்டுல போய்ப் பாத்துக்கலாம்" என்றாள். வீட்டில் நடக்காது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்டது ஒரே ஒரு வேளைச் சோறு. அதைக்கூட வாங்கிக் கொடுக்கத் துப்பில்லாமல் திரும்பப் போகிறோமே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

ராவுத்தர் சட்டென்று வண்டியைத் திருப்பி, முதல் நாள் போன அதே சாப்பாட்டுக் கடையின் பின்வாசலுக்கு ஓட்டினார். இரண்டு பேருக்குச் சூடாகச் சோறு வேண்டும் என்று அவர் குரல் கொடுத்ததும் கடைக்காரர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அன்னைக்கு ரசம் ஊத்துன பொண்ணுக்கா? அது இலையில கை வைக்காமலே போயிருச்சே" என்று உலையிலிருந்து அப்போதுதான் வடித்த சோற்றையும், மீன் குழம்பையும், பொரித்த கோழியையும் தூக்குச்சட்டிகளில் அடைத்துக் கொடுத்தாள். இலை இரண்டு நறுக்கி மேலே வைத்தாள்.

அதன் பிறகு ராவுத்தர் ஓட்டினார் பாருங்கள், அதுதான் ஓட்டம். டிராமை முந்தினோம். ரிக்‌ஷாக்காரர்கள் சாக்கடைப் பக்கம் ஒதுங்கினார்கள். சுல்தானே தன் கொள்கையை விட்டுக்கொடுத்து ஓடியது. "சோறு ஆறிரும், சோறு ஆறிரும்" என்று ராவுத்தர் வழி நெடுகக் கத்திக்கொண்டே வந்தார். ஆளில்லாத கடற்கரைச் சாலையில் ஒரு மரத்தடியில் வண்டி நின்றது.

இரண்டு பக்கச் சன்னல் பட்டைகளையும் இழுத்து மூடினார், கடல் பக்கம் ஒன்றை மட்டும் திறந்து வைத்தார். எங்கள் டிரங்குப் பெட்டியை இறக்கி இரண்டு இருக்கைக்கும் நடுவில் வைத்து, அதன் மேல் இலை போட்டார்.

"உக்காருங்க ரெண்டு பேரும். தங்கச்சி, நீ எந்திரிக்கணும்னு நெனச்சாலும் முடியாது, கூரை தலையில இடிக்கும்" என்று சொல்லிவிட்டுச் சன்னல் வழியாகச் சோறு போட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு போலீஸ்காரர் வந்தார். நல்ல உயரமான சீக்கியர். அந்தச் சாலையில் வண்டி நிறுத்தக் கூடாது, உடனே எடு என்று மலாயில் சொன்னார். வேறு நாளாக இருந்தால், அவர் வாயைத் திறப்பதற்குள் ராவுத்தர் அடுத்த தெருவில் இருந்திருப்பார். அன்று கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டுக் குனிந்தார். சக்கரம் கழலாமல் பிடித்திருக்கும் கடையாணியைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"எப்படி எடுக்கறது? கடையாணி இல்ல, பாருங்க. ஒரு அடி நகந்தா சக்கரம் கழண்டுரும். உள்ள பொம்பளப் புள்ள இருக்கு" என்று பரிதாபமாகக் கையை விரித்தார்.

போலீஸ்காரர் சக்கரத்தைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், பாக்கியத்தைப் பார்த்தார். பிறகு வண்டி சாய்ந்துவிடாமல் தன் தோளைக் கொடுத்து நின்றார். சட்டம் ஒரு பக்கம் தாங்க, ராவுத்தர் மறுபக்கம் பரிமாற, நடுவில் நாங்கள் சாப்பிட்டோம்.

முதல் கவளத்தை வாயில் வைத்ததும் பாக்கியம் "ஸ்" என்று கண் கலங்கினாள்.

"காரமா தங்கச்சி?" என்று ராவுத்தர் கேட்டார்.

"இல்லண்ணே. சுடுது."

அடுப்படியிலேயே வளர்ந்தவள். சுடச்சுட எத்தனையோ பேருக்கு ஆக்கிப் போட்டவள். சுடு சோற்றை ஊதித் தின்ன வேண்டும் என்பது அவள் நாக்குக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் மெதுவாக, ஊதி ஊதி, இலையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். மீன் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

தூரத்தில் ஒரு துரை, வண்டி வேண்டும் என்று கை தட்டிக் கூப்பிட்டார். ராவுத்தர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரண்டியோடு சன்னலோரம் நின்று, பாக்கியம் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ராவுத்தரே?" என்றேன்.

"ஒண்ணுமில்ல கிராணி. என் வீட்டுக்காரி ஊர்ல இருக்கா. அவ கையால எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கேன். அவ சாப்பிட்டு நான் ஒரு நாளும் பாத்ததில்ல. கை கழுவுன ஈரம் காயறதுக்குள்ள வெளிய கிளம்பிருவேன். அவளுக்கு மீன் புடிக்குமா கறி புடிக்குமான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

"போய்க் கேளுங்களேன் அண்ணே" என்றாள் பாக்கியம்.

ராவுத்தர் கரண்டியைக் கீழே வைத்தார். மிச்சமிருந்த கோழியைப் போலீஸ்காரருக்கு ஒரு இலைக் கிழிசலில் வைத்துக் கொடுத்தார். கடையாணியை அடித்து இறுக்கினார். கப்பல் சங்கு ஊதுவதற்குள் எங்களைத் துறையில் சேர்த்தார். பெட்டியை வைத்துவிட்டு நன்றி சொல்லலாம் என்று நிமிர்ந்தால், வண்டி முக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

சில வருஷம் கழித்துத் துரை வேலையாக மறுபடி சிங்கப்பூர் போனேன். பாக்கியமும் வந்தாள். வண்டி நிறுத்துமிடத்தில் ராவுத்தரைத் தேடினோம்.

"அவரா? குதிரையையும் வண்டியையும் வித்துட்டு ஊருக்குக் கப்பல் ஏறிட்டாரே" என்றார் ஒரு வண்டிக்காரர். "என்னய்யா இப்படித் திடுதிப்புனு, அப்படி என்ன அவசரம்னு கேட்டோம். சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேரணும்னாரு."

பாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "போய்ச் சேந்திருப்பாருங்க. அந்த அக்காவுக்கும் மொதல் கவளம் நாக்கு சுட்டிருக்கும்" என்றாள்.

சுட்டிருக்க வேண்டும் என்றுதான் நானும் அன்றைக்குக் காளி கோயிலில் வேண்டிக்கொண்டேன்.