தங்கக் குழாயும் தலையணை உறையும்

எல்க் நேரோஸ் ஊரில் அந்தக் குளிர்காலத்தில் ஏரி உறைந்து பாறையாகக் கிடந்தது. ஊராரின் மூளை மட்டும் உருகி ஓடிக்கொண்டிருந்தது. காரணம், ஊர் ஆஸ்பத்திரியின் முன்கூடத்தில் புதிதாக முளைத்த ஒரு குழாய்.

சாதாரணக் குழாயா அது? தங்கமுலாம் பூசிய 'விழிப்புக் குழாய்'! மற்ற குழாய்களில் தண்ணீர் தூங்கிக்கொண்டே வருகிறதாம். தூங்குகிற தண்ணீரில்தான் கிருமி குடியேறுமாம். இந்தக் குழாய் தண்ணீரைத் தட்டி எழுப்பிவிடுமாம். எழுந்த தண்ணீர் கிருமியை ஓட ஓட விரட்டுமாம். இத்தனை காலம் தண்ணீர் விட்ட குறட்டை யார் காதிலும் விழவில்லையே என்று கேட்கக் கூடாது. கேட்டால் நீங்கள் நாத்திகர்.

கூட்டமோ கூட்டம்! பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் தூண்டிலைப் போட்டுவிட்டு வாளியோடு ஓடிவந்தார்கள். வாளி வாளியாகக் குடித்தார்கள். ஒருத்தி முழங்காலில் தெளித்தாள். ஒருவர் தன் பனிவண்டியின் எஞ்சினில் தெளித்தார். எஞ்சின் கிளம்பவில்லை.

"எஞ்சினுக்கு நம்பிக்கை பத்தல," என்றார் அருகில் நின்றவர்.

இந்த அற்புதத்தின் தகப்பனார் லியாண்டர் வாஸ். வெள்ளைக் கம்பளிக் கோட்டு, மெழுகு தேய்த்த மீசை, கையில் கவட்டை போட்ட வில்லோ மரக் குச்சி. அந்தப் பக்கத்து விவசாயிகள் காலங்காலமாகக் குச்சி பிடித்து நீரோட்டம் பார்த்துக் கிணறு வெட்டுகிறவர்கள். எனவே குச்சியை நம்ப யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. கெட்ட தண்ணீர் என்றால் குச்சி தலை கவிழும். அவருடைய குழாய்க்கு முன்னால் மட்டும் துள்ளி நிமிரும். பிடித்திருக்கும் கை யாருடையது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

இதெல்லாம் வேடிக்கை என்று ஆர்டிஸும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். அவள் ஆஸ்பத்திரியில் தொற்றுத் தடுப்பு நர்ஸ். ஆனால் புற்றுநோய்ப் பிரிவின் குளியலறைகள் முழுவதற்கும் அந்தக் குழாயையும் அதன் ஜோடி ஷவரையும் போட நிர்வாகி கார்வின் டால்பி முடிவுகட்டிவிட்டார். மாதிரிக்கு ஒன்று ஏற்கெனவே மாட்டியும் ஆயிற்று. அந்தப் பிரிவில் படுத்திருந்தவர்களில் ஒருவர் ஆர்வில், அவளுடைய அக்கா புருஷன். மருந்தின் கடுமையில் அவர் உடம்பில் வெள்ளை அணு பெயருக்குத்தான் இருந்தது. ஒரு சின்னக் கிருமி போதும்.

ஆர்டிஸ் சிபாரிசு செய்தது அழகே இல்லாத ஒரு குழாய். வாயில் வலை கிடையாது. முழங்கையால் திறக்கலாம். தண்ணீர் நேராகச் சாக்கடைத் துளையில் விழுந்து தெறிக்காது. ஷவருக்குக் குட்டையான ரப்பர்க் குழல், கழற்றி மாற்றலாம், தண்ணீர் தேங்காது. கார்வின் அதைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்.

அவள் மாதிரிக் குழாயின் வாயைப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினாள். வந்த முடிவைப் பார்த்ததும் குளியலறையைப் பூட்டினாள். கிருமி திருவிழாவே நடந்துகொண்டிருந்தது.

லியாண்டர் அசரவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கை விரித்தார்.

"இருக்கத்தான் செய்யும்மா! அதெல்லாம் செத்த கிருமி. போர் நடந்த இடத்துல பிணம் கிடக்காதா?"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கார்வின் குளியலறையைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

"செத்த கிருமி எப்படிய்யா பரிசோதனைத் தட்டுல வளரும்?" என்று ஆர்டிஸ் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

ஆர்விலிடம் போனாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கக் கிளம்பியிருந்தார்.

"மச்சான், அந்த ஷவர் வேணாம்."

"போ மச்சினி! ஊரே அந்தத் தண்ணியைக் குடிக்குது. எனக்கு மட்டும் ஈரத்துணியில உடம்பு துடைக்கிற தண்டனையா?"

"அது மோசடின்னு கண்ணெதிர்ல காட்டுறேன். அதுவரைக்கும் நாத்தத்தோட இருங்க."

"காட்டலேன்னா?"

"நானே முதுகு தேச்சு விடுறேன்."

ஆர்டிஸ் விடாததால், எந்தக் குழாயைப் போடுவது என்று ஊரையே கேட்டுவிடலாம் என்றார் கார்வின். வாக்கெடுப்பு ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக் கூடத்தில். உருளைக்கிழங்கு மேலே மொறுமொறுக்கும் ஹாட்டிஷ் என்ற ஊர்ப் பண்டத்தின் தட்டுகளோடு ஊரே உட்கார்ந்திருந்தது. கூட்டத்துக்குள் வரக்கூடாத ஆர்வில், ஆர்டிஸின் கைப்பேசி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் மூன்று குழாய்கள். மூன்றுக்கும் தலையணை உறை மாட்டியிருந்தது.

"ஐயா," என்றாள் ஆர்டிஸ், "இதுல ஒண்ணு உங்க குழாய். குச்சியை வச்சுச் சொல்லுங்க. சொல்லிட்டா என் ஓட்டு உங்களுக்கு."

"சோதிக்கிறதே பாவம்..." என்று இழுத்தார் லியாண்டர்.

"சொல்லிக் காட்டுங்க சாமி! அவ வாயை அடைங்க!" என்றது கூட்டம். பக்தர்களின் அன்பில் சிக்கினால் தப்ப வழி ஏது?

குச்சி முதல் உறையை நெருங்கியது. தலை கவிழ்ந்தது. "ஐயோ, மரண ஓலம்! கிருமிக் கூடு!" இரண்டாவது. "இது சோம்பேறித் தண்ணி." மூன்றாவதில் குச்சி மீசை வரை துள்ளியது. லியாண்டர் கண்ணை மூடினார். ஒரு சொட்டுக் கண்ணீரும் வந்தது.

"என் குழந்தை! பாடுது... தண்ணி பாடுது!"

ஆர்டிஸ் உறையை உருவினாள். மரப்பலகையில் திருகி வைத்த பழைய துருக் குழாய். பின்னால் பைப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை.

கைப்பேசியிலிருந்து ஆர்விலின் குரல் வெடித்தது: "தண்ணியே இல்லாத குழாய்ல தண்ணி பாடுதாம்! கோரஸும் வருதா சாமி?"

சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பி மறு மூலைக்குப் பரவியது. ஆர்டிஸ் முதல் உறையை உருவினாள். மரண ஓலம் போட்டது பளபளத்தது. முன்கூடத்திலிருந்து கழற்றி வந்த அசல் தங்கக் குழாய்!

"மாத்தி வைக்கிறேன், இன்னொரு தடவை பாக்குறீங்களா?"

"குச்சி... களைச்சுப்போச்சு," என்றார் லியாண்டர்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் குச்சி பொய் சொல்லவில்லை. ஆர்டிஸ் தங்கக் குழாயின் வாயைத் திருகிக் கழற்றி வெள்ளைத் தட்டில் தட்டினாள். தண்ணீரை எழுப்புவதாகச் சொன்ன ஏழு அடுக்கு வலை விழுந்தது. அதோடு பழுப்பு நிறத்தில் ஒரு கொழகொழப்பு. ஜெல்லி மாதிரி நடுங்கியது.

"இத்தனை அடுக்கு வலை போட்டா அழுக்கு தங்காம என்ன செய்யும்? இது வழியா வந்ததைத்தான் எல்லாரும் குடிச்சிருக்கீங்க."

ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் ஹாட்டிஷ் தட்டைத் தள்ளிவைத்தது. வாய் கொப்பளிக்க ஓடிய கார்வின், எந்தக் குழாயை நம்புவது என்று தெரியாமல் நடைகூடத்தில் நின்று சுற்றினார். அந்தக் கூச்சலில் வெள்ளைக் கோட்டு பின்வாசல் வழியே நழுவியது. குச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரை எந்தத் தண்ணீரும் எழுந்து விரட்டவில்லை.

அழகில்லாத குழாய்க்கே எல்லாரும் கை தூக்கினார்கள். அது வந்து, பரிசோதித்து, ஆர்டிஸ் தலையசைத்த பிறகு ஆர்வில் மணிக்கணக்காகக் குளித்தார். பாடினார். பிரிவே காதைப் பொத்திக்கொண்டது.

புதுக் குழாயைக் கண்ட ஒரு அம்மாள் ஆர்டிஸின் காதருகே வந்து கிசுகிசுத்தாள்: "இதுக்கு என்னம்மா சக்தி?"

"முழங்கையால தள்ளினா தண்ணி வரும். சோப்பு போட்டாத்தான் கை சுத்தமாகும்."

"அவ்வளவுதானா?" அம்மாளின் முகம் வாடிவிட்டது.

அவ்வளவுதான், அம்மா. குழாயைத் திறக்க முழங்கை போதும். மூளையைத் திறக்கத்தான் ஊரில் ஒருவரும் கை வைப்பதில்லை. நீங்களாவது ஒருமுறை தள்ளிப் பாருங்கள்.