நாங்கள் கேட்டு வாங்கிய வாசற்படி

மைசூரு,
வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை வாமனுக்கு, செலுவநாராயணன் ஆசீர்வாதம். நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதிதான் உண்மை என்பதால், நீங்களும் சம்யுக்தாவும் சௌக்கியமா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நஞ்சன்கூடு சாலையில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்று உங்கள் துறை கட்டிய இந்தக் குடியிருப்பில், சக்கர நாற்காலி தடையில்லாமல் போகவேண்டும் என்று ஒரு வீட்டுக்கும் வாசற்படி வைக்கவில்லை அல்லவா, வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் எங்கே இடுவது என்று நாற்பது கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்த மகானுபாவன் நான்தான், நீங்கள் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்கவில்லை, அனுமதி வந்ததும் தச்சர் சுப்பையாவிடம் "நன்னா நாலு அங்குலம் இருக்கட்டும்" என்றதும் நான்தான். அப்புறம் உங்கள் மாமியார் சரஸா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வந்தாள். நாற்காலி படியில் முட்டி நின்றது. நாலு பேர் தூக்கி உள்ளே விட்டார்கள். பலகை சாய்த்துப் பார்த்தோம், நாற்காலி சறுக்கி அவள் அலறிவிட்டாள். நாற்பத்திரண்டு நாளாகப் புங்கமரத்தடியில் கூடும் பெண்களின் சிரிப்பை ஜன்னல் வழியாகத்தான் கேட்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

(எதிர்வீட்டில் என்னமோ மரவேலை, அந்தச் சத்தத்தில் கை ஓடவில்லை.)

படியை எடுக்கச் சொன்னால் சுப்பையா, "மஞ்சப் பூசுன படியில ரம்பம் வெக்க மாட்டேனுங்க சாமி, பாவமுங்க" என்கிறார். ஆபீசில் கேட்டால், "படி நீங்க கேட்டு வாங்கினதுதானே சார்? கஷ்டமா இருக்குன்னு பாதிக்கப்பட்டவங்க நேர்ல வந்து சொல்லட்டும்" என்கிறார்கள். அவளால் படி தாண்ட முடியாது என்றேன். "அப்ப அதையே நேர்ல வந்து எழுதிக் கொடுக்கட்டும்" என்றார்கள். நாலு கடிதம் கொடுத்துப் பார்த்தேன், பதில் இல்லை. நீங்கள் மேலிடத்தில் சொல்லி ஓர் உத்தரவு வாங்கித் தந்தால் புண்ணியமாகப் போகும்.

குழந்தை அனகாவுக்கு எங்கள் அன்பு. பெருமாள் உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
செலுவநாராயணன்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். இதில் சரஸாவிடம் ஒரு கையெழுத்து வாங்கப் போனால் வீட்டில் ஆளைக் காணோம். மரவேலை எதிர்வீட்டில் இல்லை, நம் வாசலில்தான். சுப்பையாவைக் கூப்பிட்டு, "மஞ்சள் பூசினவளே சொல்றேன், அறு" என்றாளாம். அறுத்த கட்டை குங்குமத்தோடு பூஜை அலமாரி ஓரமாகச் சாய்ந்திருக்கிறது. அவள் புங்கமரத்தடியில், எல்லோருக்கும் நடுவில். என்னைப் பார்த்ததும், "ஆபீசுக்கு நாலு லெட்டர் எழுதினேளே, என்னை ஒரு வார்த்தை கேட்டேளா?" என்றாள்.

கேட்கவில்லை, மாப்பிள்ளை. அரசாங்கப் படியை அறுத்ததற்கு நோட்டீஸ் வந்தால் மட்டும் என் பேருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.