அம்மன் வேண்டாம் என்ற பிராசசர்

எனக்கு முடிவெடுக்கத் தெரியாது. இதை இப்போது கூச்சமில்லாமல் சொல்கிறேன். இருபத்தாறு வயதில் யாராவது என்னைப் பார்த்து இப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அப்போது நான் எதையும் தீர ஆராய்கிறவளாக்கும்! என் கேமிங் கம்ப்யூட்டருக்குப் புது பிராசசர் போடலாமா, அடுத்த மாடல் வரும்வரை பொறுக்கலாமா என்று எட்டு மாதம் தீர ஆராய்ந்தேன்.

பிராசசர்தான் கம்ப்யூட்டரின் மூளை. பிஸ்கட்டைவிடச் சின்னதாக இருக்கும். என்னுடையதற்கு வயதாகிவிட்டது. ஆட்டத்தில் எதிரி புகைக்குண்டு வீசினால் போதும், திரை அப்படியே நின்றுவிடும். மறுபடி அசையும்போது நான் செத்துக் கிடப்பேன். சரி, மாற்றிவிடலாம் என்று கிளம்பினால் யூடியூபில் ஒருத்தர், "அவசரப்படாதீங்க, புதுசு வருது" என்பார். பொறுத்தால் இன்னொருத்தர், "இன்னும் எதுக்குங்க வெயிட் பண்றீங்க?" என்பார். நான் இரண்டு பேருக்கும் லைக் போட்டேன்.

"இன்னாம்மா, மாடு வாங்கறவன்கூட பல்லைப் புடிச்சுப் பாத்துட்டு அன்னிக்கே ஓட்டிக்கினு வந்துடறான். நீ எட்டு மாசமா பல்லையே எண்ணிக்கினு இருக்கிற" என்றார் நைனா, அதாவது என் அப்பா.

இந்த நிலையில்தான் அந்தப் போட்டி வந்தது. நாங்கள் ஐந்து பேர் ஒரு டீம். பக்கத்து ஊர் அனந்தபுரத்து பாஸ்கர்தான் கேப்டன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஜெயித்தால் சென்னையில் மேடையேறி விளையாடலாம். செஞ்சி மருந்துக்கடையில் நாளெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற எனக்கு, அந்த மேடை கனவிலேயே வர ஆரம்பித்துவிட்டது. பாஸ்கர் போன் செய்தான்.

"செல்வி, இன்னொரு தபா உன் மிசினு நின்னுச்சுன்னா உன் எடத்துல என் மாமா பையனப் போட்டுடுவேன். அப்புறம் கோச்சுக்காத."

என் முகத்தைப் பார்த்த அம்மா, "எதுக்குடி இவ்ளோ டென்சன்? பூ கட்டிப் பாத்துடலாம்" என்றாள்.

எங்கள் வீட்டில் போர் போடுவதிலிருந்து பெண் கொடுப்பதுவரை எல்லாவற்றுக்கும் பூதான். வெள்ளைப் பூ ஒரு காகிதத்தில், சிவப்புப் பூ ஒரு காகிதத்தில். ஒரே மாதிரி மடித்து மேல்மலையனூர் அம்மன் படத்தின் முன்னால் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் பொறு.

அம்மா எடுத்தாள். சிவப்பு அரளி.

"இன்னொரு தபா பாரும்மா" என்றேன். மறுபடியும் அரளி.

மூன்றாவது முறை, "நானே மடிக்கிறேன்" என்றேன். (இதைப் படிக்கிற அம்மன் பக்தர்கள் மன்னிக்கவும்.) இரண்டு காகிதத்திலும் நந்தியாவட்டையை வைத்து மடித்தேன். வெள்ளை வந்தது. வராமல் எங்கே போகும்? "ஆத்தாளே சொல்லிட்டா!" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். எட்டு மாதத்தில் நான் எடுத்த ஒரே உறுதியான முடிவு அதுதான்.

சனிக்கிழமை பிராசசர் வந்தது. கொரியர்காரர் எங்கள் ஊரான சிங்கவரம்வரை வர மாட்டேன் என்றதால், செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கே ஸ்கூட்டியில் போய் வாங்கி வந்தேன். அம்மா அதைச் சாமி ரூமில் வைக்கச் சொன்னாள். புது வண்டி, புது மிக்சி எல்லாம் அங்கே போய்த்தானே வேலைக்கு வரும்? வைத்தேன்.

ஞாயிறு காலை எடுக்கப் போனால், பிராசசர் மங்களகரமாக இருந்தது. அடிப்பக்கத்தில், தங்கப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில், நல்ல கெட்டிச் சந்தனம். நடுவில் குங்குமம்.

"அம்மா! இன்னாம்மா பண்ணி வெச்சிருக்கிற?"

"பொன்னு மாதிரி மினுக்குதேன்னு அதான் மொகம்னு நெனச்சேன்டி."

கோபிக்க நேரமில்லை. ஆட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். துப்பட்டாவை நனைத்து அழுத்தித் துடைத்தேன். (தினமும் ஸ்பிரிட் விற்கிறவள் நான். அது ஞாபகத்துக்கு வரவே இல்லை.) சுத்தமாகிவிட்டது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, சாக்கெட்டில் வைத்துப் பூட்டி ஸ்விட்ச்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை கருப்பாகவே இருந்தது. கழற்றிப் பார்த்தால், சாக்கெட்டுக்குள் இருக்கும் பொடிக் கம்பிகளிடையே சந்தனக் குழம்பு. பழைய பிராசசரைத் திரும்ப வைத்தேன். அதுவும் எழுந்திருக்கவில்லை.

என் இடத்தில் பாஸ்கரின் மாமா பையன் ஆடினான். பிரமாதமாக வேறு ஆடித் தொலைத்தான். டீம் ஜெயித்தது. நான் போனில் பார்த்து அழுதுகொண்டே கைதட்டினேன்.

அம்மாவுக்கு என்னைவிட அழுகை. நேராகச் சாமி ரூமுக்குப் போய் அம்மனிடமே சண்டைக்கு நின்றாள். "நீதானே ஆத்தா வாங்கச் சொன்ன? எம்பொண்ணு ஆசைப்பட்டு வாங்குனத இப்படிப் பண்ணிட்டியே!" என்று படத்தடியில் கிடந்த மிச்சப் பொட்டலத்தை ஆத்திரத்தோடு பிரித்தாள்.

வாடிய நந்தியாவட்டை.

அம்மா பூவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முதலில் சிரித்தது நைனாதான். தோள் துண்டால் வாயை மூடியும் அடங்கவில்லை. "ஆத்தா ரெண்டு தபா வேணாம்னாளே, கேட்டியா?" என்றார். அடுத்த வாரமே புது மாடல் வந்துவிட்டது என்பதை நான் அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

அம்மா இரண்டு நாள் எனக்கு மட்டும் காபி போடவில்லை. மூன்றாம் நாள், "சாமிகிட்டயே கள்ளாட்டம் ஆடறவளுக்கு கம்ப்யூட்டர் எதுக்குடி?" என்று கேட்டுவிட்டு அவளும் சிரித்துவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனை எனக்குப் பிடித்திருந்தது. பூ கட்டிப் பார்த்ததில் வெள்ளை வந்தது. எல்லோரும் சந்தோஷமாகத் தட்டு மாற்ற எழுந்தபோது, நைனா கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க. பொட்டலம் மடிச்சது யாரு?"

"நான்தான் நைனா" என்றேன்.

"அப்போ அந்த இன்னொன்னையும் பிரிங்க."

மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். பிரித்த பொட்டலத்தில் சத்தியமாகச் சிவப்பு அரளி இருந்தது. அப்புறம் கதை முழுவதையும் நைனாவே அவர்களுக்குச் சொன்னார், சந்தனம் உட்பட.

இன்றைக்கும் நான் என்ன முடிவெடுத்தாலும், என் கணவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்: "எங்க, ரெண்டாவது பொட்டலத்தைக் காட்டு."