தொண்ணூற்றாறாம் பக்கம்

நான் படித்த புத்தகங்களைவிடப் படம் எடுத்த புத்தகங்கள் அதிகம். இதை ஒப்புக்கொள்ள எனக்கு முப்பத்தைந்து வயதாக வேண்டியிருந்தது. இருபத்தாறு வயதில் யாராவது இதை என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அப்போது நான் அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு டிராக்டர் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். டிராக்டர் வாங்க வருகிறவர்கள் காலையிலேயே வந்து போய்விடுவார்கள். மதியத்துக்கு மேல் ஈ ஓட்டுவதுதான் வேலை. அந்த நேரத்தில் மேசைமேல் ஒரு தடித்த புத்தகத்தை வைத்து, பக்கத்தில் டீ கிளாஸை வைத்து, வெளிச்சம் பார்த்துப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவேன். கிரேக்க ஞானி, ஜெர்மன் ஞானி, பிரெஞ்சு ஞானி என்று ஐரோப்பாவில் உட்கார்ந்து யோசித்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் என் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வந்துபோனார்கள். (படம் சரியாக விழுவதற்குள் டீ ஆறிவிடும். ஆறிய டீயைக் குடிக்கப் பழகியதுதான் அந்தக் காலத்து வாசிப்பில் எனக்குக் கிடைத்த ஒரே பலன்.)

அந்த ஸ்டேட்டஸ்களை முழுதாக நம்பிய முதல் ஆள் என் அம்மா. எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம் அது. "எம் பையன் ராவும் பகலும் புஸ்தகமும் கையுமாத்தான் இருப்பான்" என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அந்தச் சொல் எப்படியோ கம்பைநல்லூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்து, அங்கே வெண்ணிலா என்ற பெண்ணின் வீட்டில் நின்றது.

வெண்ணிலா எம்.ஏ. வரலாறு முடித்து ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியராக இருந்தாள். அப்பா மாதையன் விவசாயி. அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாளாம். நகை, நிலம், சம்பளம் எதுவும் இல்லை. மாப்பிள்ளை படிக்கிறவராக இருக்க வேண்டும். படித்தவர் இல்லை, படிக்கிறவர். அம்மா இதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவளுடைய போட்டோவைக் காட்டினார். பார்த்த உடனே, இந்தப் பெண்ணுக்காக நான் உலகத்துப் புத்தகங்களை எல்லாம் படிப்பேன் என்று முடிவு செய்தேன். (எப்போது என்று முடிவு செய்யவில்லை.)

பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் ஒரு போன் வந்தது. பேசியவர் சிவலிங்கம். கம்பைநல்லூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர், பெண்ணுக்குப் பெரியப்பா முறை. அவரும் நண்பர்களும் அங்கே ஒரு வாசகர் வட்டம் நடத்தி வந்தார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'உலகை மாற்றிய நூல்கள்' என்ற தலைப்பில் யாராவது ஒருவர் ஒரு நூலைப் பற்றிப் பேசுவார். இந்த மாதம் நான் பேச வேண்டும் என்றார். புத்தகத்தை அவரே கொடுத்தனுப்புவதாகவும், வெண்ணிலாவும் அவள் அப்பாவும் வழக்கமாக வருகிறவர்கள்தான் என்றும் சொன்னார்.

நான் பெண் பார்க்கப் போவதில்லை, என்னைத்தான் பார்க்கப் போகிறார்கள் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

புத்தகம் வந்தது. பழைய மொழிபெயர்ப்பு. கறுப்பு ரெக்சின் அட்டை போட்டு புதிதாக பைண்ட் செய்திருந்தார்கள். முதல் பக்கத்தில் அடர்ந்த தாடியோடு ஒருவர் என்னை முறைத்தார். (அவர் பெயரைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சம். தாடிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.) எனக்குப் பத்து நாள் இருந்தது. முதல் நாள் ஸ்டேட்டஸ் போட்டேன். இரண்டாம் நாள் முன்னுரையைப் படித்தேன். அதில் ஒரு வாக்கியம் பதினோரு வரிக்கு ஓடியது. ஏழாவது வரியில் எழுவாய் என்னவென்று மறந்து மறுபடி முதலிலிருந்து வந்தேன். மூன்றாம் நாள் புத்தகத்தைப் பைக்குள் வைத்தேன். அடுத்த ஆறு நாள் அது பைக்குள்ளேயே இருந்தது.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தர்மபுரியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், இனி ஒரு மணி நேரம்தான் என்று கணக்குப் போட்டேன். அப்போது என் மூளையில் ஒரு தந்திரம் தோன்றியது. ஆரம்பப் பக்கங்களிலிருந்து மேற்கோள் காட்டுகிறவனை யாரும் நம்புவதில்லை. நூற்று நாற்பதாம் பக்கத்திலிருந்து காட்டினால், அதுவரை படித்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். புத்தகத்தை நேராக நூற்று நாற்பதில் பிரித்தேன்.

அந்தப் பக்கம் இப்படி இருந்தது: நான்காம் தூக்கத்திலிருந்து எழுந்தவை கடும் பசியோடு இருக்கும். எல்லாம் விழிக்கும்வரை தீனி இடக்கூடாது. தூக்கத்தின்போது மேலே சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டும்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. முன்னுரையில் சுற்றிச் சுற்றி எழுதிய மனிதர் இங்கே எவ்வளவு சுருக்கமாக, எவ்வளவு கூர்மையாக எழுதுகிறார் என்று வியந்தேன். தூங்கும் சமூகம். விழிக்கும்போது அதன் பசி. அதை மூடப் பார்க்கும் அதிகாரத்தின் வெள்ளைப் பூச்சு. இடையில் ஓரிடத்தில் 'புழுக்கள்' என்று வந்தது. ஆள்பவர்கள் மக்களை அப்படி நினைப்பதைத் தாடிக்காரர் கிண்டல் செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பஸ் குலுங்கக் குலுங்க ஐந்து பக்கம் படித்து, இரண்டு தாளில் குறிப்பு எழுதினேன்.

கூட்டம் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். நாற்பது பேர் இருப்பார்கள். ஐந்தாறு பேரைத் தவிர எல்லோரும் விவசாயிகள். முதல் வரிசையில் மாதையன் வெள்ளை வேட்டியில், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் வெண்ணிலா. போட்டோவைவிட நன்றாக இருந்தாள். ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசிப்பில் அவ்வளவு ஆர்வம் என்று நினைத்துப் பூரித்துப்போனேன்.

மைக்கைப் பிடித்தேன். முன்னுரையில் நினைவிருந்த நாலு வார்த்தையைச் சொல்லி முடித்ததும் வேறு வழியின்றி நேராகத் தூக்கத்துக்கு வந்தேன். "மனித சமூகம் நான்கு முறை தூங்குகிறது என்கிறார் இந்த ஞானி" என்றேன்.

முதல் வரிசை சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது. தைரியம் வந்தது. நான்காம் தூக்கத்துக்குப் பிறகுதான் பெரும்பசி வரும் என்றேன். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அந்தப் பசியில் எவ்வளவு இலை போட்டாலும் போதாது என்றபோது பின்வரிசையில் ஒருவர், "ஆமாங்க, வாஸ்தவந்தான்" என்று பெருமூச்சு விட்டார். ஐரோப்பியத் தத்துவத்தை இப்படி உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும் ஒரு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. சுண்ணாம்புக்கு வந்தபோது கையை உயர்த்தினேன். அதிகாரம் நம் மேல் தூவும் சுண்ணாம்பு அது என்றேன்.

அப்போதுதான் வெண்ணிலாவைப் பார்த்தேன். அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்தியிருந்தாள். அழுகிறாள் என்று முதலில் நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தில் அது அழுகை இல்லை என்று தெரிந்தது. ஏதோ தப்பு நடந்திருக்கிறது. என்ன தப்பு, எந்த இடத்தில், யாருக்கெல்லாம் தெரியும், ஒன்றும் புரியவில்லை. வாய் மட்டும் தானாகப் பேசிக்கொண்டே போனது. எப்படியோ நன்றி சொல்லி முடித்தேன்.

கைதட்டல் ஓய்ந்ததும் மாதையன் எழுந்தார். தோளில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"தம்பி, நீங்க சொன்ன அந்த நாலாந் தூக்கம் எங்க வூட்டு ஷெட்ல இப்ப நடந்துகிட்டு இருக்குதுங்க. வெளிநாட்டுக்காரரு சுண்ணாம்பு எவ்வளவு தூவச் சொல்றாருங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அந்த அமைதியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. சுற்று வட்டாரத்தில் பாதிப் பேர் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள். தோலுரிப்பதற்குமுன் புழு தீனி தின்னாமல் படுத்துக் கிடப்பதற்குத்தான் தூக்கம் என்று பெயராம். நான் அரைமணி நேரமாக அவர்களுக்குப் பட்டுப்புழு வளர்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த இடத்தில் ஒத்துக்கொண்டிருக்கலாம். நான்தான் மேதாவி ஆயிற்றே. தாடிக்காரர் பட்டுப்புழுவை ஓர் உருவகமாகப் பயன்படுத்துகிறார் என்றும், உழைப்பாளியின் வாழ்வை அவர் அப்படித்தான் காண்கிறார் என்றும் சமாளித்தேன். இன்னொருவர் எழுந்து, ஊசி ஈக்கு அவர் என்ன மருந்து சொல்கிறார் என்று கேட்டார். புழுவின் மேல் முட்டை வைத்து அதைக் கொல்லும் ஈயாம் அது. தத்துவவாதிகள் தீர்வைவிடக் கேள்வியைத்தான் முன்வைப்பார்கள் என்று சொன்னேன். (இந்தப் பதிலை நினைத்தால் இன்றும் எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றும்.)

அப்போது வெண்ணிலா கையைத் தூக்கினாள். சிரிப்பு போய் முகம் இறுகியிருந்தது.

"இந்த உருவகம் எத்தனாவது பக்கத்துல ஆரம்பிக்குதுங்க?"

நூற்று நாற்பது என்றேன்.

"அதுக்கு முன்னால தொண்ணூத்தாறாம் பக்கத்தப் பாத்தீங்களா?"

பார்க்காமலா என்றேன். தலைமை வகித்த சிவலிங்கம், அப்படியானால் அந்தப் பக்கத்தைச் சபைக்கு வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, ஆர்வத்தில்தான் கேட்டார். புத்தகத்தைப் பிரித்தேன். அவசரத்தில் நூற்றுப் பத்துக்குப் போய், எண்பதுக்கு வந்து, கடைசியில் தொண்ணூற்றாறைப் பிடித்தேன். பக்கத்தின் அடியில், பென்சிலில், அழகான கையெழுத்தில் மூன்று வரி இருந்தது.

"வாசிங்க தம்பி" என்றார் சிவலிங்கம்.

வாசித்தேன். "இதற்கு மேல் இருப்பது பட்டுப்புழு வளர்ப்புக் கையேடு. பைண்டிங்கில் கலந்துவிட்டது." அங்கேயே நிறுத்திவிட்டேன். இன்னும் ஒரு வரி இருக்கிறதே என்று வெண்ணிலா சொன்னாள். அது அவள் எழுத்து, எத்தனை வரி என்று அவளுக்குத் தெரியாதா. "அடுத்துப் படிக்கிறவர் ஏமாற வேண்டாம்."

இரண்டு புத்தகமும் ஒரே அளவு. பைண்ட் செய்தவர் கட்டுகளை மாற்றிச் சேர்த்ததில் பக்க எண்கூடப் பிசகாமல் தொண்ணூற்றாறுக்கு அடுத்து தொண்ணூற்றேழு வந்திருக்கிறது. ஓடிப்போகலாம் என்றால் மாடிப்படி கூட்டத்துக்குப் பின்னால் இருந்தது.

மைக் இன்னும் கையில்தான் இருந்தது. "நான் இந்தப் புத்தகத்துல முன்னுரையும் அஞ்சு பக்கமுந்தாங்க படிச்சேன். அந்த அஞ்சும் இந்தப் புத்தகம் இல்லைன்னு இப்பத்தான் தெரியுது. தப்புங்க. மன்னிச்சிருங்க" என்றேன்.

மாதையன் இன்னும் உட்காரவில்லை. சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார். "புழுவப் பத்திச் சொன்ன வரைக்கும் ஒண்ணும் தப்பில்லீங்க. சரியாத்தான் இருந்துது."

பிறகுதான் கூட்டம் சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பு. கீழே தெருவில் போனவர்கள் நின்று மாடியைப் பார்த்ததாகச் சிவலிங்கம் பிற்பாடு சொன்னார். எனக்குப் போர்த்திய சால்வையை நான் முகத்தைத் துடைக்கப் பயன்படுத்தினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இந்த இடம் சரிவராது என்று மட்டும் சொன்னேன். அன்றே ஸ்டேட்டஸ் போடுவதை நிறுத்தினேன். நாலு நாள் கழித்து ஒரு புது எண்ணிலிருந்து செய்தி வந்தது. "தொண்ணூத்தாறு வரைக்கும் நல்லா இருக்கும். புத்தகம் உங்ககிட்டதான இருக்கு. படிச்சுட்டுச் சொல்லுங்க."

படித்தேன். தொண்ணூற்றாறு பக்கத்துக்கு இரண்டு மாதம் ஆனது. தாடிக்காரர் கேட்டது மொத்தத்தில் ஒரே கேள்விதான். உன் கருத்து என்று நீ சொல்லிக்கொள்வதில் எவ்வளவு நீயே யோசித்தது, எவ்வளவு யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்வது? நாற்பத்தோராம் பக்கத்தில் இது வந்தது. ஷோரூமில் தனியாக உட்கார்ந்திருந்த எனக்கு முகம் சூடாகிவிட்டது. என்னை நேரில் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருந்தது. அறுபதாம் பக்கத்தில் ஒரு பத்தி எத்தனை முறை படித்தும் புரியவில்லை. வேறு வழியில்லாமல் வெண்ணிலாவுக்கே போன் செய்து கேட்டேன். அவளுக்கும் அது புரிந்திருக்கவில்லை. புரியாத அந்த ஒரு பத்திக்காக இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம். அதற்குப் பிறகு போன் செய்வதற்குப் பத்தி தேவைப்படவில்லை.

மாதையன் எப்படிச் சம்மதித்தார் என்று எனக்கு நெடுநாள் தெரியாது. பையன் பொய் சொன்னான், ஆனால் மைக்கைக் கீழே வைக்காமலே ஒத்துக்கொண்டான் என்று வீட்டில் சொன்னாராம். கல்யாணத்துக்குச் சிவலிங்கம் ஒரு புத்தகம் பரிசளித்தார். கொடுக்கும்போதே பைண்டிங்கைத் தான் சரிபார்த்துவிட்டதாக எல்லோர் முன்னிலையிலும் உறுதி கொடுத்தார்.

இப்போது எங்கள் வீட்டில் யாரும் எதையும் பெரிதாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. மாமனார் மழையைப் பற்றிச் சொன்னாலும், மச்சான் அரசியல் பேசினாலும், யாராவது ஒருவர் பக்க எண்ணைக் கேட்டுவிடுவார்கள். போன வாரம் சாப்பிடும்போது, மனிதன் ஏன் யோசிக்க வேண்டும் என்று நான் கொஞ்சம் நீளமாகவே விளக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"எத்தனாவது பக்கம்ப்பா?"

எண்களை இப்போதுதான் நூறுவரை கற்றிருக்கிறாள்.