சொத்து:சாக்ஸ்

பூட்டுக்கடைக்காரர் அன்று காலை ஒரு பெரிய முடிவோடு எழுந்தார். இனி வீட்டுக் கணக்கு நோட்டில் கிடையாது, கம்ப்யூட்டரில். அதுவும் வெறும் எழுத்தாக: தேதி, பணம் எதிலிருந்து கிளம்பியது, எதற்குப் போனது. இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று ஒரு சின்ன புரோகிராம் பார்த்துச் சொல்லிவிடும். எழுதுவதற்கு ஓர் எடிட்டர், அதாவது எழுத்தைத் தட்டித் திருத்தும் புரோகிராம்தான் பாக்கி.

பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டர்காரரிடம் போனார்.

"புதுசா ஆரம்பிக்கிறீங்க. சுலபமான எடிட்டரா போடட்டுமா?"

"இருக்கறதுலயே கஷ்டமானது எது?"

"ஒண்ணு இருக்கு. மௌஸுக்கு மசியாது. எழுத ஆரம்பிக்கவே தனியா ஒரு எழுத்தைத் தட்டணும். வெளிய வரத் தெரியாம அழுதவங்க உண்டு."

"அதைப் போடுங்க."

"அண்ணே, ஃபைல் வெறும் எழுத்துதான், அதனால..."

"போடுங்கன்னா."

இருபது வருடம் பூட்டு விற்ற புத்தி அது. அடுத்தவரால் திறக்க முடியாததுதான் அவருக்கு நல்ல பொருள். காரணமும் இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் மனிதருக்குச் சாக்ஸபோன் வாசிக்கும் ஆசை வந்துவிட்டது. வீட்டில் சொன்னால் ஊதுவதற்கு முன்பே காற்றுப் போய்விடும். ஆகவே இருவரின் பேரிலும் இருந்த வங்கிப் பணத்திலேயே முப்பத்திரண்டாயிரத்தைச் சத்தமில்லாமல் ஒதுக்கி, கணக்கில் 'சொத்து:சாக்ஸ்' என்று பெயர் வைத்தார். தப்பித்தவறி யார் பார்த்தாலும் கால்தானே ஞாபகம் வரும்?

மனைவி பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை பார்ப்பவர். வாயே திறக்காதவர்களிடமும் விவரம் வாங்கிவிடுவார்.

"என்னங்க, காலைலேர்ந்து கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டு?"

"எடிட்டர் தேர்ந்தெடுத்திருக்கேன்."

"எந்தப் பத்திரிகைக்கு?"

"கணக்கு எழுதறதுக்கு. உனக்குப் புரியாது, விடு."

"சரிங்க."

அந்த வீட்டில் "சரிங்க" என்பது பயப்பட வேண்டிய வார்த்தை. அவர் பயப்படவில்லை.

முதல் நாள் எடிட்டரை விட்டு வெளியே வரத் தெரியாமல் பிளக்கையே பிடுங்கினார். இரண்டு வாரம் போராடிப் பழகியபின், இனி எவராலும் உள்ளே வர முடியாது என்று நெஞ்சு நிமிர்ந்தது. மூன்றாம் ஞாயிறு மனைவி டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கணக்கு நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா பால் செலவை ரெண்டு தடவை போட்டிருந்தீங்க, எடுத்துட்டேன்."

அவர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்படித் திறந்தே?"

"ரெண்டு தட்டு தட்டினேன், திறந்துச்சு. எங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல சீட்டு எழுதுவோமே, அதே நோட்பேடு. எழுத்துதானேங்க, எதுல வேணும்னாலும் வரும்."

வாசல் கதவுக்கு ஏழு லீவர் பூட்டைப் போட்டுவிட்டுச் சுவரே கட்டாமல் விட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அது சரி, சாக்ஸ்னா என்னங்க?"

"கால்ல போடறதுதான்."

"வேற ஒண்ணுமில்லையே?"

"வேற என்ன இருக்கு?"

"முப்பத்திரண்டாயிரத்துக்கா?"

"மொத்தமா வாங்கினா மலிவு."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப நேத்து நான் எழுதினது சரிதான்" என்று காலி டம்ளரை எடுத்துக்கொண்டு மனைவி எழுந்து போனார்.

அவர் ஃபைலின் அடிக்குப் போனார். புதிதாக ஒரு பதிவு இருந்தது. தேதி சரி. கிளம்பிய பக்கம் சாக்ஸ், கழித்தல் முப்பத்திரண்டாயிரம். போன பக்கம் அதே தொகை. எண்கள் ஒன்றின்கீழ் ஒன்று நூல் பிடித்ததுபோல் நின்றன. இரண்டு வாரமாக அவருக்கு ஒருநாளும் அப்படி நின்றதில்லை. புரோகிராமை ஓட்டினார். ஒரு பிழையும் இல்லை என்றது. வயிறு எரிந்தாலும், அடடா, என்ன ஒரு கை என்று மனதுக்குள் மெச்சாமல் இருக்க முடியவில்லை. கதை சொல்லும் எனக்கே அந்த அம்மாவைக் கும்பிடத் தோன்றுகிறது.

பதிவுக்குக் கீழே, புரோகிராம் கணக்கில் சேர்க்காதபடி முன்னால் அரைப்புள்ளி வைத்து, ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்:

; இவ்வளவு சாக்ஸைக் கையால் துவைக்க முடியாது. வாஷிங் மெஷின் நாலு மணிக்கு வருகிறது, வீட்டில் இருக்கவும்.